மகளைப் பாராட்டுவது எப்படி?

(விருத்தாசலத்தில் தம் மகளின் பிறந்த நாளன்று கூடிய கூட்டத்தில் ஒரு தோழர் பேசியதன் சுருக்கம்)



இன்று என் மகளுக்கு 24 வயது முடிகிறது. வயது முடிவது ஒரு பெருமையல்ல. ஆடு மாடுகளுக்கும்தான் வயதாகிறது. அவள் நடந்து கொண்ட விதத்தைப் பற்றியே நாலு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறேன்.

அவள் பிறந்தது மூல நட்சத்திரம் என்றும், அது மாமனாருக்கு ஆகாது என்றும், நட்சத்திரத்தை மாற்றி ஜாதகம் எழுதி விடலாம் என்றும் உறவினர்கள் யோசனை சொன்னார்கள். தோழர்களே! நட்சத்திரம் 27. ஆகவே பெண்களில் ஏறக்குறைய 27ல் ஒருத்தி மூலத்தில் பிறந்தவளாகத்தான் இருப்பாள். அப்படியானால் மாமனார்களிலும் 27க்கு ஒருவர் வீதம் செத்துக் கொண்டிருக்க வேண்டாமா? என் மகளோ, பொய் ஜாதகமும் வேண்டாம், மெய் ஜாதகமும் வேண்டாம், ஜாதகம் கேட்கிற வீடே வேண்டாம் என்று சொல்லி விட்டாள். இதனால் வந்த வரன்கள் திரும்பிப் போனதுண்டு. அவள் கலங்கவில்லை. நம் ஊரிலேயே பீங்கான் தொழில் படித்து, தன் சோற்றைத் தானே சம்பாதிக்கிறாள்.

சென்ற வருஷம் அவள் அண்ணனுக்குப் பெண் பார்த்தோம். பெண் வீட்டார் ரொக்கமும் மோட்டார் சைக்கிளும் தருவதாகச் சொன்னார்கள். "நாமாகக் கேட்கவில்லையே, வருவதை ஏன் தள்ள வேண்டும்?" என்று உறவினர்கள் என் மகனை நெருக்கினார்கள். அப்போது இவள், "எனக்குக் கொடுப்பது தப்பு என்றால் அண்ணனுக்கு வாங்குவதும் தப்புத்தானே? வாங்கினால் அந்தக் கலியாணத்தில் நான் இருக்க மாட்டேன்" என்றாள். ஒரு காசும் வாங்காமல் மாலை மாற்றிக் கலியாணம் நடந்தது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றமென்று 1961லேயே சட்டம் வந்து விட்டது. ஆனால் சட்டம் நம் வீட்டுத் திண்ணை ஏறி வந்து தடுப்பதில்லை. வீட்டிலுள்ள ஒருவர்தான் தடுக்க வேண்டும்.

இப்படிப்பட்ட பெண்கள் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1886ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் ஆண்கள் கல்லூரியில் சேர விரும்பியபோது, ஊரார் எதிர்த்தும் தந்தை நாராயணசாமி அய்யர் மகள் பக்கமே நின்றார். அந்தப் பெண் 1912ல் டாக்டரானார். 1914ல் கலியாணம் செய்து கொண்டபோது, தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே வரக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் நிபந்தனை பேசினார். 1927ல் சென்னைச் சட்டசபையின் உபதலைவராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1947ல் அதற்குச் சட்டமும் வந்தது. ஊருக்குப் பயந்து அந்தத் தகப்பனார் அன்று மகளை வீட்டில் உட்கார வைத்திருந்தால் நமக்கு எவ்வளவு நஷ்டம் என்று எண்ணிப் பாருங்கள்.

பெற்றோர்களே! மகளைப் பாராட்டுவதென்றால் பட்டுப் புடவை வாங்கிக் கொடுப்பதல்ல. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929ல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானம் செய்தோம். பிதிரார்ஜித சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்ற சட்டம் நம் மாகாணத்தில் 1989லும், இந்தியா முழுமைக்கும் 2005லும் வந்தது. ஆனால் இன்றும் மகளைக் கூப்பிட்டு, சீர் செய்தாயிற்று என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோமா இல்லையா? என் வீட்டில் அந்தப் பத்திரம் எழுதப்பட மாட்டாது என்பதை உங்கள் எல்லோர் முன்னிலையிலும், என் மகன் முன்னிலையிலும் சொல்லுகிறேன். இதுவே நான் அவளுக்குச் செய்யும் பிறந்த நாள் மரியாதை.

பச்சை மண்ணை எப்படியும் பிசையலாம். சூளையில் வெந்த பீங்கானை மறுபடி மண்ணாக்க முடியாது என்பது இந்த ஊராருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படித்துச் சம்பாதித்துச் சிந்திக்கவும் தெரிந்த பெண்ணை வளைக்கப் பார்க்காதீர்கள். அவளுக்குரிய பங்கைக் கொடுத்து விட்டு, அவள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராகுங்கள் என்று கேட்டுக் கொண்டு என் வார்த்தையை முடித்துக் கொள்ளுகிறேன்.