பதினைந்து படுக்கைகள் யாருக்கு?

(அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி புள்ளலூரில் நடந்த படிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



புள்ளலூர் என்றதும் வரலாறு படித்தவர்கள் போரைத்தான் சொல்வார்கள். 1780இல் ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை இங்கே முறியடித்தார்கள். அடுத்த வருடம் நடந்த சண்டையில் செத்துப்போன வெள்ளைக்கார அதிகாரிகள் இரண்டு பேருக்கு நினைவுத்தூண் நிற்கிறது. காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தவர்களுக்குத் தூண் கிடையாது. நான் பேச வந்தது போரைப் பற்றி இல்லை. உடம்புக்கு முடியாமல் போனால் நம் சனங்கள் எங்கே போகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு.

நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது திருமுக்கூடலைச் சொல்லிவிடுவார்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் இருக்கிற பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் 'ஆதுலர் சாலை' என்று ஒரு மருத்துவமனை வருகிறது. 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இரண்டு பேர், ஒரு நாவிதர். யாருக்கு எவ்வளவு நெல் சம்பளம், என்னென்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்றுகூட வெட்டியிருக்கிறார்கள். முதல்முறை படித்தபோது எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் அந்த 15 படுக்கைகள் யாருக்கு என்று பார்த்தேன். அங்கே நடந்த வேதக் கல்லூரியின் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும். அந்தக் கோயில் நிலத்தில் உழுதவனுக்குப் பேதி வந்தால் எங்கே போனான் என்று கல்வெட்டில் இல்லை.

அவனைப் பற்றி எழுதியவர் 800 வருடம் கழித்து வந்த ஒரு வெள்ளைக்காரர். 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். வயிற்றுக்கு இல்லாததையும், கந்தலையும், குடிசையையும், தொழுநோயையும் ஒரே மூச்சில் எழுதினார். நான் இங்கே கவனிக்கச் சொல்வது வேறு ஒன்றை. இத்தனை நோயைப் பார்த்த மனிதர், தீர்வு என்று முதலில் கேட்டது மருந்தை அல்ல. நிலம், வீட்டுமனை, பள்ளிக்கூடம். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது அப்படித்தான். அந்த நிலம் எங்கே போனது என்று கேட்டுத்தான் 1994இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நிலத்தை விட்டுவிட்டு ஆரோக்கியத்தை மட்டும் தனியாகப் பேச எனக்குத் தெரியவில்லை.

இப்போதைய கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் எதுவுமே நடக்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய். 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் இது. 1995 முதல் மருந்தை அரசே மொத்தமாக வாங்கி அனுப்புகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. என் அம்மா அதைத்தான் சாப்பிடுகிறார். அதைக் கொண்டுவரும் அக்காவுக்குச் சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகைதான். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

ஆனால் சராசரி நம் தெருவை மறைத்துவிடும் தோழர்களே. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டோம், உடம்பில் ரத்தம் இல்லாமல் வந்திருக்கிறோம் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அதற்கு வாங்கிய கடன் தனிக் கதை.

களப்பணியில் ஒரு ஊர்க் காலனியில் ஒரு பாட்டியிடம் கேட்டேன், ஏன் மூன்று மாதமாகச் சர்க்கரை பார்க்கப் போகவில்லை என்று. "மாத்திர சும்மாத்தான் குடுக்குறாங்க பாப்பா. போறதுக்குத்தான் ஒரு நாள் கூலி போவுது" என்றார். காலையில் போனால் மதியம் ஆகிறது. நடவு நாளில் அரை நாள் வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. அந்த ஊரின் துணை சுகாதார நிலையம் காலனியிலிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை, ஊர்த் தெருவைத் தாண்டி இருக்கிறது. ஊர்த் தெருவைத் தாண்டிப் போவது என்றால் என்ன என்று இங்கே உட்கார்ந்திருக்கும் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. "எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். பெயரைக் கேட்பதற்கு முன்னால் கேட்பார்கள்.

ஒரு அலுவலகத்தில் போய், செவிலியர்கள் எந்தெந்தத் தெருவுக்கு மாதத்துக்கு எத்தனை முறை போகிறார்கள் என்று தெருவாரியாகக் கணக்கு கேட்டேன். "நாங்க அப்படியெல்லாம் சாதி பாக்கறதில்லமா" என்றார்கள். பார்ப்பதில்லை, அதனால் கணக்கும் இல்லை! செவிலியர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை. ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது விதி. ஒரே ஆள் தடுப்பூசியும் போட்டு, கர்ப்பிணிகளையும் பார்த்து, மிச்ச நேரத்தில் பதிவேடும் எழுதுகிறார்.

இன்னொன்று. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது 1965 முதல் இருந்த அரசு மருத்துவக் கல்லூரியும் அந்தப் பக்கம் போய்விட்டது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களில் இன்று காஞ்சிபுரமும் ஒன்று. சுற்றிலும் எத்தனை தொழிற்சாலை வந்திருக்கிறது, எத்தனை ஏக்கர் போயிருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து, குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் தொட்டியில் கலந்திருந்தது மலம் என்று தெரிந்தது. நோயின் பெயர் வயிற்றுப்போக்கு. காரணத்தின் பெயரை எந்த மருத்துவச் சீட்டிலும் எழுத இடமில்லை.

அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்தபோது, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன், அந்தச் செலவின் பெரும்பகுதி அரசின் பொறுப்பு என்று பேசினார். உதவி என்று கையேந்தவில்லை. அந்தப் பாட்டியின் ஒரு நாள் கூலியையும் நான் அந்தக் கணக்கில்தான் வைக்கிறேன்.

உத்திரமேரூர் குடவோலையை நாம் சனநாயகத்தின் தொட்டில் என்று பாடத்தில் படித்தோம். நிலம் இருந்து வேதமும் தெரிந்தவன் பெயர்தான் அந்தக் குடத்தில் விழும். இன்றைய கிராமசபையில் நம் பெயர் இருக்கிறது. அடுத்தது மே 1. மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு வாருங்கள். துணை நிலையம் எந்தத் தெருவில் இருக்கிறது, அடுத்த கட்டடம் எந்தத் தெருவில் வரும்? காலனிக்குள் மருத்துவ முகாம் மாதத்தில் எந்தத் தேதி, கூலி போகாதபடி மாலையில் நடத்த முடியுமா? மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? பதில் சொன்னால் போதாது, தீர்மானமாக எழுத வேண்டும். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். நானும் வருகிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.