வாயிற்கல்லில் இரண்டாவது வரி

(மகளிர் அரங்கமொன்றில் ஆற்றிய உரை)



ஒரு பள்ளிக்கூடத்தின் வாயிற்படியிலே உங்களைச் சற்று நேரம் நிறுத்தி வைக்க விரும்புகிறேன். அந்தப் பள்ளி நம் நாட்டிலே இல்லை. கடல்களுக்கு அப்பால், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், எக்ஸிட்டர் என்னும் சிற்றூரில் இருக்கிறது. பிலிப்ஸ் எக்ஸிட்டர் அகாடமி என்பது அதன் பெயர். மாணவர்கள் தங்கிப் படிக்கும் உறைவிடப் பள்ளி.

அந்தப் பள்ளியின் தலைமைக் கட்டடத்து வாயிலின்மேல் இலத்தீன் மொழியிலே இரண்டு வரிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதல் வரி சொல்கிறது: சிறுவர்களே, இங்கே வாருங்கள், ஆடவர்களாக ஆகுங்கள் என்று. இரண்டாவது வரி சொல்கிறது: சிறுவர்களே, சிறுமியர்களே, நற்பண்பையும் அறிவையும் இங்கே நாடுங்கள் என்று.

முதல் வரி பழையது. இரண்டாவது வரி 1996ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. இரண்டு வரிகளுக்கும் இடையே உள்ள வெற்றிடம் சில அங்குலங்கள்தான் இருக்கும். ஆனால் தோழர்களே, அந்தச் சில அங்குலத்தைக் கடக்க எத்தனை தலைமுறைகள் தேவைப்பட்டன தெரியுமா? அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

ஜான் பிலிப்ஸ் என்னும் செல்வர் அந்தப் பள்ளியை நிறுவியது 1781ஆம் ஆண்டில். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர்தான், 1776இல், மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று அமெரிக்கா உலகுக்கு முழங்கியிருந்தது. முழங்கியவர்கள் ஆடவர்கள். அந்த முழக்கம் வெளிவருவதற்குச் சில திங்கள் முன்பே, அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், அபிகேல் ஆடம்ஸ் என்னும் மாதரசி தன் கணவர் ஜான் ஆடம்சுக்கு ஒரு மடல் தீட்டினார். புதிய சட்டங்கள் இயற்றும்போது பெண்களையும் நினைவில் கொள்ளுங்கள் என்று கேட்டார். கணவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். பின்னாளில் அவர் நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவரானார். பெண்களோ வாக்குரிமைக்கே 1920 வரை காத்திருந்தார்கள்!

அப்படிப்பட்ட காலத்திலே எழுந்த பள்ளி அது. அதன் கொடைப் பத்திரத்தில் உயர்ந்த கருத்துகள் உண்டு. அறிவில்லாத நற்குணம் வலுவற்றது, நற்குணமில்லாத அறிவு ஆபத்தானது என்ற கருத்து உண்டு. எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் இளைஞருக்கு இந்தக் கதவு திறந்திருக்கும் என்ற உறுதியும் உண்டு. எல்லாத் திசைகளிலிருந்தும்! கிழக்கிலிருந்து வரலாம், மேற்கிலிருந்து வரலாம், வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரலாம். எதிர் வீட்டிலிருந்து மட்டும் வரக்கூடாது, அந்த வீட்டில் இருப்பது பெண்ணாக இருந்தால்! அந்தப் பூட்டைப் பத்திரமா போட்டது? படித்தவர்கள் போட்டார்கள், பழக்கம் போட்டது.

1781இல் நிறுவிய பள்ளிக்குள் பெண்கள் மாணவியராக நுழைந்தது 1970இல். 189 ஆண்டுகள்!

பெண் கல்வி என்பதை அதுவரை அந்த நாடு அறியாதிருந்ததா? அறிந்திருந்தது. எம்மா வில்லார்டு அம்மையார் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரில் 1821இலேயே பெண்களுக்கென்று உயர்கல்விக் கூடம் கண்டார். ஒகையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரி 1837இலேயே ஆடவரோடு பெண்களையும் பட்டப்படிப்புக்குச் சேர்த்தது. 1841இல் மூன்று பெண்கள் அங்கே பட்டம் பெற்றார்கள். வானம் இடிந்து விழவில்லை. பூமி பிளந்துவிடவில்லை. ஆனாலும் பணமும் செல்வாக்கும் படைத்த பழம்பெரும் பள்ளிகள் அதைக் கண்டும் காணாதவை போல இருந்தன.

இன்னொன்று சொல்கிறேன், கேளுங்கள். அந்த நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்தாம் யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824ஆம் ஆண்டு தமிழ்ப் பெண்களுக்காக ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார்கள். தொடங்கிய அம்மையார் ஆரியட் வின்சுலோ. அவருடைய கணவர் மைரன் வின்சுலோவை நீங்கள் அறிவீர்கள். 1862இல் தமிழ் – ஆங்கில அகராதி வெளியிட்டவர் அவரே. அந்த அம்மையாருக்குப் பின் எலிசா அக்னியூ என்னும் ஆசிரியை வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடுவிலில் பாடம் நடத்தினார். சமயம் பரப்புவது அவர்கள் நோக்கமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள். நம் இனத்துச் சிறுமியர் உடுவிலில் விடுதியில் தங்கிப் படிக்கத் தொடங்கி 146 ஆண்டுகள் சென்ற பிறகுதான், நியூ இங்கிலாந்தின் எக்ஸிட்டர் தன் ஊர்ப் பெண்ணுக்கு வாயிலைத் திறந்தது! முன்னேறிய நாடு, பின்தங்கிய நாடு என்று நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! பெண்ணை நிறுத்தி வைத்த இடத்திலிருந்து பார்த்தால் அந்த அளவுகோலே வேறாகிவிடுகிறது அல்லவா?

சரி, 1970இல் கதவு ஏன் திறந்தது? திடீரென்று ஒருநாள் காலையில் ஞானோதயம் பிறந்ததா? காலம் நெருக்கியது, தோழர்களே. யேல், பிரின்ஸ்டன் என்னும் பெரும் பல்கலைக் கழகங்கள் 1969இல் பெண்களைப் பட்டப்படிப்பில் சேர்க்கத் தொடங்கிவிட்டன. பெண்ணுரிமைக் குரல் தெருவெங்கும் ஒலித்தது. கன்கார்டு நகரத்து புனித பால் பள்ளி 1971இல் பெண்களைச் சேர்த்தது. எக்ஸிட்டரின் உடன்பிறப்பான ஆண்டோவர் பள்ளி, 1829 முதல் பெண்களுக்கென்றே நடந்துவந்த அபட் அகாடமியோடு 1973இல் இணைந்தது. நாடாளுமன்றம் 1972இல், அரசின் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பாலின வேறுபாடு கூடாதென்று சட்டம் செய்தது. தனித்து நிற்க நினைத்த பள்ளிகள் தனிமைப்பட்டுப்போகும் நிலை வந்தது. உரிமை என்பது உயர்ந்தவர் தரும் பரிசுப் பொருளாக வருவதில்லை. வெளியே அலை எழுந்தால்தான் உள்ளே தாழ்ப்பாள் அசையும்.

அந்த முதலாண்டில் வந்த மாணவியர் எத்தனை பேர்? முப்பத்தொன்பது பேர்! அவர்களும் பகல்நேர மாணவியர். உறைவிடப் பள்ளியிலே உறைவிடம் இல்லாத மாணவியர்! காலையில் வர வேண்டும், மாலையில் வீடு திரும்ப வேண்டும். விடுதி கிடைத்தது அடுத்த ஆண்டு, 1971இல்.

விடுதி என்ன பெரிய செய்தி என்று சிலர் நினைக்கக்கூடும். விடுதியில் படித்தவரைக் கேளுங்கள். வகுப்பில் கற்பது பாதி. இரவு விளக்கடியிலே விவாதித்துக் கற்பது மீதி. நட்பு அங்கே முளைக்கிறது. நாளைய அமைச்சனும் நாளைய நீதிபதியும் நாளைய வங்கித் தலைவனும் ஒரே உணவுக் கூடத்தில் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். ஆட்சிக்கும் செல்வத்துக்கும் இட்டுச் செல்லும் பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பகலிலே பாடம் கேட்டுவிட்டுப் பொழுது சாய்ந்ததும் போய்விடு என்றால், அறிவைத் தருகிறேன், ஆனால் அந்தப் பாதையைக் காட்டமாட்டேன் என்றுதானே பொருள்?

எக்ஸிட்டரிலே இன்னொரு சிறப்பு உண்டு. எட்வர்டு ஆர்க்னஸ் என்னும் கோடீசுவரர் 1930இல் வழங்கிய பெருங்கொடையால் வகுப்பறையின் வடிவமே மாறிற்று. மேடையேறி நின்று ஆசிரியர் பேச, வரிசையாக அமர்ந்து மாணவர் கேட்கும் முறை அங்கே இல்லை. முட்டை வடிவிலான பெரிய மேசை. அதைச் சுற்றி ஏறத்தாழப் பன்னிரண்டு மாணவர்கள். அவர்களோடு ஒருவராக ஆசிரியர். பின்வரிசை கிடையாது, ஒளிந்துகொள்ள மூலை கிடையாது. ஒவ்வொருவரும் பேச வேண்டும். ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.

அந்த மேசையருகே, 1970இல், ஒரு பெண் மட்டும் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். நாற்காலி கிடைத்துவிட்டது. நாவு எழ வேண்டுமே! அவள் தவறாகச் சொன்னால் பெண்களுக்கே இது வராது என்பார்கள். சரியாகச் சொன்னால் இவள் விதிவிலக்கு என்பார்கள். பக்கத்தில் இருக்கும் பையன் தனக்காக மட்டும் பேசுகிறான். அவளோ உலகத்துப் பெண்கள் அனைவருக்கும் பொறுப்பேற்றுப் பேச வேண்டியவளாகிறாள். இத்தகைய சுமையைச் சுமந்துதான் எங்குமே முதல் வரிசைப் பெண்கள் நடந்தார்கள். அவர்கள் பட்ட பாட்டினால்தான், பின்னே வந்த பெண், பையனைப் போலவே தயங்கவும், தவறவும், திருத்திக்கொள்ளவும் உரிமை பெற்றாள். சமத்துவம் என்பதற்கு இதைவிட எளிய இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் வந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, 1987இல், கெண்ட்ரா ஸ்டேர்ன்ஸ் ஓடானல் என்னும் அம்மையார் அந்தப் பள்ளியின் முதல் பெண் முதல்வரானார். பத்தாண்டுகள் பொறுப்பிலிருந்தார். அவர் காலத்தில்தான், 1996இல், வாயிலின்மேல் அந்த இரண்டாவது வரி ஏறியது. வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் மாணவி, பிறகு முதல்வர், கடைசியில் கல்வெட்டு! இருபத்தாறு ஆண்டுகள் அந்தப் பெண்கள், சிறுவர்களே வாருங்கள் என்ற அழைப்பின் கீழேதான் உள்ளே நுழைந்தார்கள். தம்மை அழைக்காத வாயிலைத் தம் காலடிகளால் தமதாக்கினார்கள். கல் கடைசியில்தான் கற்றுக்கொள்கிறது!

பழைய வரியை அவர்கள் செதுக்கி எறிந்துவிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் இருக்கிறது. இருக்கட்டும் என்பேன் நான். நேற்று என்ன எழுதியிருந்தோம் என்பதைக் காட்டும் கல் அருகே இருந்தால்தான், இன்று எழுதியதன் அருமை விளங்கும்.

அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்? தொடக்கக் குழுவில் இருந்த ஜாய்ஸ் மேனார்டு எழுத்தாளரானார். எதர் காக்ஸ் ரிச்சர்ட்சன் வரலாற்றுப் பேராசிரியராகி, அமெரிக்க அரசியலைப் பொதுமக்களுக்கு விளக்கி எழுதுபவரானார். குவினெத் கூகன் 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் ஓடினார். கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். தாம் படித்த பள்ளிக்கே கணித ஆசிரியையாகத் திரும்பினார். ஹைட்டியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகளான ரோக்சேன் கே, கறுப்பினப் பெண்ணின் வாழ்வை ஒளிவுமறைவின்றி எழுதிப் புகழ்பெற்றார். ஆனால் புகழ் பெற்றவர் பட்டியலால் மட்டும் இதை அளந்துவிடாதீர்கள். மருத்துவராக, வழக்கறிஞராக, ஆசிரியையாக, ஏட்டில் பெயர் வராமல் பணியாற்றுவோரே எங்கும் பெரும்பாலோர். ஆண்டுதோறும் அவர்கள் பட்டியல் நீள்கிறது. அதுதான் உண்மையான விழா.

2020இல் ஐம்பது ஆண்டு நிறைந்தது. விழாவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். மாசாசூசெட்சு மாநிலத்தில் டீர்பீல்டு அகாடமி என்றொரு பள்ளி. 1797இல் நிறுவப்பட்டது. தொடக்கத்திலிருந்தே அங்கே பெண்களும் படித்தார்கள். ஒன்றரை நூற்றாண்டு நடந்த வழக்கம் அது. ஆனால் 1948இல் கதவு மூடப்பட்டது. ஆண்களுக்கே பள்ளி என்றாயிற்று. மீண்டும் திறக்க 1989 வரை, 41 ஆண்டுகள் ஆயின! திறந்த கதவு திறந்தே இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை, தோழர்களே. காவல் இல்லாத வயலில் கதிர் வீடு வந்து சேராது.

மற்றொன்றும் உண்டு. பெண்ணுக்குத் திறந்த வாயில் ஏழைப் பெண்ணுக்கும் திறந்ததா? கட்டணம் என்னும் பூட்டு, பழக்கம் என்னும் பூட்டைவிடக் கனமானது. ஆண்டு வருமானம் 75,000 டாலரும் அதற்குக் குறைவாகவும் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கல்வி என்று எக்ஸிட்டர் 2007இல் அறிவித்தது. குடும்பத்தின் பண நிலையைப் பாராமலே மாணவரைத் தேர்ந்தெடுப்போம் என்று 2021இல் அறிவித்தது. பெருநிதி குவித்து வைத்திருக்கும் பள்ளியால் அது முடிகிறது. அந்த நிதி இல்லாத இடங்களில் அந்தப் பூட்டு இன்னும் தொங்குகிறது. எல்லாத் திசைகளிலிருந்தும் என்ற பழைய சொல்லுக்கு முழுப் பொருள் வர, ஆணும் பெண்ணும் என்பதோடு, இருப்பவரும் இல்லாதவரும் என்பதும் சேர வேண்டும்.

தோழர்களே! தொலைவிலுள்ள பள்ளியின் கதையை இவ்வளவு நேரம் கேட்டீர்கள். இந்தக் கூட்டம் முடிந்து உங்கள் ஊருக்குத் திரும்பியதும், நம் படிப்பகத்தின் மேசையைப் பாருங்கள். நம் கிளையின் செயற்குழு கூடும்போது நாற்காலிகளைப் பாருங்கள். பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகு, அவர்களில் எத்தனை பேர் பேசினார்கள் என்றும் எண்ணுங்கள். மகளிர் அணி தேநீர் வழங்குவதற்கும் மாலை எடுத்துக் கொடுப்பதற்கும் என்று நாம் எழுதாமல் எழுதி வைத்திருக்கும் கல்வெட்டு ஏதேனும் நம் வாயிலிலும் உண்டா என்று பாருங்கள்.

இருந்தால், இருபத்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலேயே அந்த இரண்டாவது வரியை எழுதுங்கள்.