மூலம்: வெட்கப்படாமல் பேசுவோம்



கூட்டத்தில் பேசக்கூடிய பொருளா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் வெட்கத்தினாலேயே பலர் வருஷக்கணக்காய் இரத்தம் இழந்து, சோகை பிடித்து வெளுத்த பின்தான் மருத்துவரிடம் வருகிறார்கள். ஆகவே வெளிப்படையாகவே சொல்லுகிறோம்.

ஆசனவாயின் உட்புறத்தில் இரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற பகுதிகள் நம் எல்லாருக்கும் உண்டு. மலச்சிக்கலால் முக்கி முக்கி அவை வீங்கிச் சரிவதே மூலம். கர்ப்பிணிகளுக்கும் இது அடிக்கடி வரும். உள்மூலத்தில் பெரும்பாலும் வலியில்லாமல் இரத்தம் சொட்டும். வெளிமூலத்தில் இரத்தம் உறைந்துவிட்டாலோ உட்காரவே முடியாது.

வீட்டிலேயே செய்யக்கூடியது அதிகம். அகலமான பேசினில் இளஞ்சூடான நீர் ஊற்றி 10 அல்லது 15 நிமிஷம் உட்காருங்கள், தினம் 2, 3 முறை. மருந்து எதுவும் கலக்க வேண்டியதில்லை. கீரை, கொய்யா, கேழ்வரகு, முழுப்பயறு தாராளமாய்ச் சாப்பிடுங்கள். இசப்கோல் எடுத்தால் தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும்; இல்லாவிட்டால் சிக்கல் கூடும். கழிப்பறையில் நெடுநேரம் உட்காராதீர்கள். முன்பு செய்தித்தாள், இப்போது கைப்பேசி! ஐயாமார் கோபிக்கக்கூடாது.

ஒரு வாரத்தில் இரத்தம் நிற்காவிட்டாலும், மலம் கருப்பாய்ப் போனாலும், மலங்கழிக்கும் வழக்கம் மாறினாலும், உடல் மெலிந்தாலும், 45 வயதைக் கடந்தவருக்கு முதன்முதலாய் இரத்தம் கண்டாலும், மூலந்தான் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். குடல் புற்றுநோயிலும் இப்படி இரத்தம் போகும். மருத்துவர் விரலால் சோதிக்க ஓரிரு நிமிஷமே ஆகும். சகோதரிகள் பெண் மருத்துவர் வேண்டுமென்று தயங்காமல் கேளுங்கள்.