இடமறிந்து இறங்கும் மருந்து



தேனாம்பேட்டையில் எங்கள் தெருவில் வாழும் கல்லூரி மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு என்னிடம் ஒரு வினாத் தொடுத்தான். அவனுடைய தாயாருக்கு மார்பிலே புற்றுநோய். மருந்து ஏற்றப்பட்டு வந்தது. “ஐயா, நோய் இருப்பது மார்பில். தலைமயிர் என்ன பிழை செய்தது? அது ஏன் உதிர வேண்டும்?” என்றான். பிறரை வினவியே பழகிய எனக்கு அன்று உடனே விடை கூற இயலவில்லை. பின்னர்த் தேடிப் படித்ததையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இரத்த நாளத்தில் ஏற்றப்படும் மருந்து குருதியோடு உடலெங்கும் பரவுகிறது. விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குவது அதன் இயல்பு. மயிர்க்கால்களும் குடலின் உட்சவ்வும் விரைந்து பெருகுவனவே. ஆதலின் அவையும் அடிபடுகின்றன. டாக்சோரூபிசின் என்னும் மருந்தோ, அளவு மிகுந்தால் இதயத்தையே நலியச் செய்யும்.

இந்நோயை வெல்ல ஒரு படைக்கலம் போதாது என்பதை நம் ஊர் மருத்துவர்கள் முன்பே உணர்ந்தனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டு 12 படுக்கைகளோடு அடையாற்றில் தொடங்கியது புற்றுநோய் நிலையம். அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும், 1970-களில், ப்ளியோமைசின் என்னும் மருந்தையும் கதிர்வீச்சையும் வாய்ப்புற்றுநோய்க்குச் சேர்த்தளித்து ஆராய்ந்தனர். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கதிரை நோயுள்ள இடத்தின்மேல் குறிவைக்கலாம். குருதியில் கலந்த மருந்தை அங்ஙனம் குறிவைப்பது எப்படி?

கண்ணுக்குப் புலனாகாத கொழுப்புக் குமிழிகளுக்குள் மருந்தை அடைத்து அனுப்புவது ஒரு வழி. லிப்போசோம் எனப்படும் இக்குமிழியில் அடைத்த டாக்சோரூபிசினை 1995-இல் அமெரிக்க அரசு ஏற்றது. இதயத்திற்கு நேரும் கேடு குறைந்தது. எனினும் அக்குமிழி நாம் விரும்பும் இடத்தில், விரும்பும் பொழுதில் திறப்பதில்லை.

மார்கழிக் காலையில் புட்டியில் உறைந்து கிடக்கும் தேங்காயெண்ணெய், வெயிலில் வைத்தால் இளகுவதைப் பார்த்திருப்பீர்கள். குமிழியின் சுவரையும் அவ்வாறே சமைத்தால் என்ன? உடலின் இயற்கை வெப்பமாகிய 37 பாகையில் மூடியிருக்கும். 41 பாகை அளவில் இளகி மருந்தைச் சொரியும். இவ்வெண்ணத்தை 1978-லேயே யாட்வின் என்பாரும் உடனுழைத்தோரும் வெளியிட்டனர்.

பின்னர் இது கல்லீரல் புற்றுநோயில் சோதிக்கப்பட்டது. கட்டிக்குள் ஊசியைச் செலுத்தி, உயரதிர்வு மின்னோட்டத்தால் சுடுவது முன்னரே வழக்கில் உள்ள முறை. (அதன் அதிர்வெண் நம் மத்திய அலை வானொலிக்கு அணித்தானது!) கட்டியின் நடுப்பகுதி சூட்டினால் வெந்துவிடும். ஓரம் மட்டும் வெதுவெதுப்போடு தப்பிவிடும். நோய் மீண்டும் தலையெடுப்பதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். தப்பிய அந்த ஓரத்தின் வெதுவெதுப்பே குமிழியைத் திறக்கும் சாவியாகும். என்ன அழகான ஏற்பாடு! ஆனால் 701 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2013-இல் வெளியானபோது, எதிர்பார்த்த பயன் காணப்படவில்லை.

இதைக் கேட்ட மாணவன், “சூட்டை இன்னும் சற்று நேரம் வைத்திருந்தால்?” என்றான். அறிஞர்களும் அவ்வாறே எண்ணி, 45 நிமிடமேனும் சுடுவதென வரையறுத்து மறுபடி முயன்றனர். 2020-இல் அதுவும் கைகொடுக்கவில்லை.

இப்போது வேறு சாவிகளைத் தேடுகின்றனர். குருதியைவிடக் கட்டியின் சூழல் சற்றே அமிலத்தன்மை மிகுந்தது. அந்தப் புளிப்பு பட்டவுடன் அவிழும் உறைகள், ஒளி பட்டால் அவிழும் உறைகள், ஒரே உறைக்குள் இரு மருந்துகள் என ஆய்வுக்கூடங்களில் பணி நடைபெறுகிறது. மாணவனின் தாயாருக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. உதிர்ந்த தலைமயிர் மீண்டும் வளரத் தொடங்கியிருக்கிறது. முன்னிலும் சுருளாக இருக்கிறதென்று அவன் சொன்னான்.