பழைய கணினிக்கு இடமுண்டு, பழைய பூட்டுக்கு இடமில்லை



2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி அமலுக்கு வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, ஜொகூர் மக்களுக்கு இரண்டு கதவுகளை மூடியது. ஒன்று பள்ளிக்கூடக் கதவு. மற்றொன்று சிங்கப்பூர் எல்லைக் கதவு. காலையில் பாலம் கடந்து வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்பிக்கொண்டிருந்த பலர் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. தரைவழிப் போக்குவரத்து பரவலாகத் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். அந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகள் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும், ஆசிரியரின் குரலைக் கேட்டதும் வீட்டு இணையத்தின் வழியாகத்தான்.

அப்போது வீடுகளில் இருந்தவை எல்லாம் புதிய கருவிகள் அல்ல. அக்காவுக்கு ஒரு மடிக்கணினி, தம்பிக்கு அம்மாவின் கைப்பேசி, சாமான் அறையிலிருந்து தூசு தட்டி எடுத்த ஒரு பழைய கணினி என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஒரே இணைப்பில் சேர்த்தார்கள். பல பழைய கணினிகளில் இருந்த விண்டோஸ் 7-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு அதே ஆண்டு ஜனவரி 14-இல்தான் முடிந்திருந்தது. அவசரத்துக்குச் செய்த அந்த ஏற்பாடு இன்றும் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது. ஆகவே, புதியதும் பழையதும் கலந்த வீட்டில் கம்பியில்லா இணைப்பை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் இடம். மாசாய், ஸ்கூடாய், கூலாய் போன்ற ஊர்களின் தாமான்களில் உள்ள வரிசை வீடுகள் நீளமானவை. இணையக் கம்பி முன்வாசல் பக்கம் வருகிறது. ரௌட்டர் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. பிள்ளை படிப்பதோ பின்பக்க அறையில். நடுவே இரண்டு மூன்று செங்கல் சுவர்கள். சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தால் இன்னும் ஒரு சுவர் கூடுதல். செங்கல், இரும்பு அலமாரி, பெரிய கண்ணாடி, மீன் தொட்டித் தண்ணீர் யாவும் அலையைத் தடுப்பவை. ரௌட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, ஆள் உயரத்துக்கு மேலே மாற்றினாலே பாதிக் குறை தீரும். அதற்கு வழியில்லாவிட்டால் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு கம்பி இழுத்து, அங்கே இன்னொரு அலைபரப்பும் கருவியைப் பொருத்தலாம். இத்தகைய கம்பி 100 மீட்டர் வரை தாங்கும். எந்த வரிசை வீட்டுக்கும் இது தாராளம்.

அடுத்தது அலைவரிசை. பெரும்பாலான ரௌட்டர்கள் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டித் தூரம் போகும். ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு அலைகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அதில் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். பழைய கணினி, அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா போன்றவற்றில் பல 2.4-ஐ மட்டுமே அறிந்தவை.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரே அலைவரிசையில் உள்ள கருவிகள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் பேச முடியும். ஒற்றைத் தடச் சாலையில் முன்னால் ஒரு பார லாரி ஊர்ந்தால் பின்னால் வரும் புதிய கார் என்ன செய்யும்? அதுபோல மிகப் பழைய கருவி ஒன்று மெதுவாகப் பேசினால் மற்றவை காத்திருக்கும். அதனால் புதிய மடிக்கணினியையும் கைப்பேசியையும் 5-இல் சேர்த்து, பழையவற்றை 2.4-இல் விடுவது நல்லது. மேசைக் கணினியும் தொலைக்காட்சியும் இடம் மாறாதவை. அவற்றுக்குக் கம்பியே போதும். அலை மற்றவர்களுக்கு மிச்சமாகும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, பூட்டு. பழைய கணினி ஒன்று இணைய மறுத்தால், அதற்காக ரௌட்டரின் பாதுகாப்பையே கீழே இறக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. ஒருவரிடம் பழைய சாவிதான் உள்ளது என்பதற்காக வீட்டு வாசலுக்கே பழைய பூட்டைப் போடுவதற்கு இது சமம். டபிள்யூ.இ.பி. என்ற ஆரம்பகாலப் பூட்டின் ஓட்டையை ஆய்வாளர்கள் 2001-லேயே வெளியிட்டார்கள். ஆனாலும் அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். சில்லறை விற்பனை நிறுவனம் அதைத் தொடர்ந்து பயன்படுத்தியது. 2005-இல் அதன் கடை ஒன்றின் கம்பியில்லா இணைப்பு வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள். 2007-இல் விஷயம் வெளியானபோது, களவுபோன அட்டை எண்கள் 4 கோடியே 50 லட்சத்துக்கும் மேல் எனத் தெரிந்தது.

வீட்டுக்கு இன்று குறைந்தபட்சம் தேவையானது டபிள்யூ.பி.ஏ.2. இயன்றால் 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3. இரண்டையும் சேர்த்து ஏற்கும் கலப்பு அமைப்பு பல ரௌட்டர்களில் உண்டு. புதியதும் பழையதும் உள்ள வீட்டுக்கு அது பொருத்தம். 2006-க்குப் பிறகு வைஃபை சான்றிதழ் பெற்ற கருவிகள் டபிள்யூ.பி.ஏ.2-ஐ அறிந்தவையே. அதையும் அறியாத கணினியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கம்பியில் இணைக்கலாம், அல்லது யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு வைஃபை கருவி வாங்கித் தரலாம். ஆனால் பாதுகாப்பு மேம்பாடு நின்றுபோன கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ரௌட்டர் வாங்கிய அன்று இருந்த நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கேமராவையும் விருந்தினர் கைப்பேசியையும் விருந்தினர் இணைப்பில் விடலாம். அச்சுப்பொறியை மட்டும் அங்கே விடாதீர்கள். வீட்டுக் கணினிகளின் கண்ணுக்கு அது தெரியாமல் போகலாம். இடி மின்னல் வருமுன் ரௌட்டரின் மின்செருகியைப் பிடுங்கிவிடுவதும் ஜொகூர் மழைக்கு ஏற்ற பழக்கம்.

நேயர்களே, இணையத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுவது வீட்டுக்காகத்தான். முன்னறையில் படம் தடையின்றி ஓட, பின்னறையில் பிள்ளையின் பாடம் நின்று நின்று வருகிறது என்றால், பணம் கட்டியும் பயன் எங்கே? இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கைப்பேசியுடன் வீட்டின் கடைசி அறைக்கு நடந்துபோய் அலை எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஏற்பாட்டை அந்த அறையிலிருந்து தொடங்குங்கள்.