அறியாது அளித்த கொடை
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் கூறப்புகுவது, அமெரிக்க நாட்டில் வாழ்ந்து மறைந்த ஓர் ஏழைப் பெண்மணியின் வரலாறு. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்பது அவர் பெயர். 1920-இல் வர்ஜீனியா மாகாணத்திற் பிறந்து, புகையிலைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்த கறுப்பினத்தவர். ஐந்து மக்களின் தாய். 1951-இல் கருப்பை வாயிற் புற்றுநோய் கண்டு, பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவசாலையை அடைந்தார். ஆங்குக் கறுப்பினத்தார்க்கெனத் தனி வார்டு இருந்த காலம் அது. சிகிச்சையின்போது மருத்துவர் கட்டியினின்று சிறு துணுக்கொன்றை எடுத்து ஆராய்ச்சிக்கு அனுப்பினர். அவரை ஒரு சொல்லும் கேட்டிலர். அவ்வாண்டு அக்டோபர் 4-ஆம் நாள், தம் 31-ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார்.

உடல் மறைந்தது, அத்துணுக்கோ மறைந்திலது. அதுகாறும் ஆராய்ச்சிசாலையில் வளர்த்த மனித உயிரணுக்கள் சின்னாளில் மடிந்தன. இவருடையவையோ ஏறக்குறைய நாள்தோறும் இருமடங்காய்ப் பெருகின. அவற்றை வளர்த்த ஜார்ஜ் கே என்பார், அப்பெண்மணியின் பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டி ‘ஹீலா’ எனப் பெயரிட்டு, கேட்ட அறிஞர்க்கெல்லாம் விலையின்றி அனுப்பினார். போலியோத் தடுப்பூசியைச் சோதிக்க அவை உதவின. அவரைக் கொன்ற நோய்க்குக் காரணமான வைரஸின் வகையொன்றும் அவ்வணுக்களிலே காணப்பட்டது. அந்நோயைத் தடுக்கும் ஊசி இன்று உளது.

இத்துணையும் நிகழ, குடும்பத்தாரோ 1973 வரை யாதும் அறிந்திலர். வணிகர் அவ்வணுக்களை விற்றுப் பொருளீட்டினர்; அவரது கல்லறைக்கோ 2010 வரை ஒரு கல்லும் இல்லை!

இவரைச் சிலர் ‘கொடையாளி’ என்பர். அன்பர்களே! முல்லைக்குத் தேரீந்த பாரி, ஈவது இன்னதென அறிந்தே ஈந்தான். அறியாதாரிடத்து எடுத்துக்கொண்டதைக் கொடையெனப் புகழ்வது, எடுத்தவர்தம் கடனை மறைப்பதாகும். அக்காலச் சட்டம் அனுமதி கேட்க வேண்டுமென்றிலதே எனின், உண்மையே. அம்மருத்துவரைத் தீயோர் என யாம் கூறவில்லை. ஆயினும் சட்டம் கேளாத கடனும் கடனேயன்றோ?

வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்குச் ‘செய்ந்நன்றி அறிதல்’ எனப் பெயரமைத்தார். ‘அறிதல்’ என்னும் சொல்லை நோக்குக. செய்தவர் யார், எவ்வாறு செய்தார் என்பதை உள்ளவாறு அறிதலே நன்றியின் முதற்படி. அவ்வறிதல் காலந்தாழ்த்தேனும் வந்தது. 2013-இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம், அவ்வணுக்களின் மரபுக் குறிப்புக்களைப் பயன்படுத்துவதில் குடும்பத்தார்க்கும் இடமளித்தது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அவரைச் சிறப்பித்தது. 2023-இல் வணிக நிறுவனமொன்று, வழக்கிட்ட அவர் மரபினரோடு உடன்பாடு செய்துகொண்டது.

சகோதரர்களே! ஆராய்ச்சிக்கு உதவுதல் பேரறம். அதனை யாம் தடுக்கவில்லை. மருத்துவசாலையில் தாளொன்றிற் கையொப்பம் கேட்பாராயின், படித்தறிந்து இடுக. படிக்கவியலாத முதியோர்க்கு இளைஞர் படித்துக்காட்டுக. ஊசி போட்டு நலம்பெறும் நம் குழந்தைகட்கு அப்பெண்மணியின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். கேளாது பெற்றதற்குக் கேளாமலே செலுத்தத்தக்க கைம்மாறு அதுவேயாம்.