காசில் எழுதியிருப்பதைப் படியுங்கள்



கோலார் தங்கவயலில் தங்கம் தோண்டினார்கள். தோண்டியவர் கைக்குத் தங்கம் வரவில்லை. கூலிதான் வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

அந்த நாளில் ஒரு ரூபாய் என்றால் வெள்ளிக் காசு. 1917-இல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. ஆனாலும் மக்கள் மனசு வெள்ளிக் காசைத்தான் நம்பியது. மகள் கல்யாணத்துக்கு என்று சிலர் துணியில் முடிந்து வைத்தார்கள். மாரிக்குப்பம், ஊரிகம், சாம்பியன் ரீஃப் வீடுகளின் தகரப் பெட்டிகளில் இன்னும் சில காசுகள் இருக்கலாம்.

இப்படிப்பட்ட காசு வங்கிக்காரர் கண்ணிலும் படும். கோயில் உண்டியல் எண்ண வங்கி ஊழியர்கள் போவதுண்டு. சில்லறைக் குவியலுக்குள் ஒரு ராணி தலைக் காசு கிடக்கும். பாட்டியின் சுருக்குப் பையிலிருந்தும் வரும். காசாளர் விரலுக்கு அது உடனே தெரியும். புதுக் காசைவிடக் கனம். சத்தமும் வேறு.

கிடைத்த காசு யாருக்குச் சொந்தம்? உண்டியலில் கிடைத்தால் கோயிலுக்கு. பாட்டி தந்தது என்றால் பாட்டிக்கு. "அம்மா, இது வெள்ளி. வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்லித் திருப்பித் தருவதுதான் நேர்மை. அந்தக் காசை வங்கி பணமாக வாங்கவும் முடியாது. விக்டோரியா ராணி காசு 1941-லேயே செல்லாமல் போனது. மற்ற வெள்ளி ரூபாய்களும் பின்னால் செல்லாமல் போயின.

1969-இல் காந்தி நூற்றாண்டுக்குப் பத்து ரூபாய் வெள்ளிக் காசு வெளியிட்டார்கள். எடை 15 கிராம். அதில் 12 கிராம் வெள்ளி. அது வங்கிச் சில்லறையில் கிடைத்தால் வங்கிப் பணம். மேலாளரிடம் சொல்லாமல் பையில் போட்டால் அது திருட்டு. பல வங்கிகளில் காசாளர் தன் சொந்தப் பணம் எவ்வளவு என்று காலையிலேயே பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். காரணம் இதுதான்.

இனி உங்கள் பெட்டிக் காசை எடுங்கள். ஆண்டைப் படியுங்கள். எண்கள் உங்களுக்குத் தெரிந்த எண்கள்தான்.

1862 முதல் 1939 வரை உள்ள ரூபாயில் நூற்றுக்கு 91 பங்குக்கு மேல் வெள்ளி. எடை 11.66 கிராம். பழைய கடைக்காரர்கள் 'ஒரு தோலா' என்று சொன்ன எடை இதுவேதான். 80 தோலா ஒரு சேர். அரசாங்கக் காசையே எடைக்கல்லாக வைத்திருந்தார்கள், பாருங்கள்!

1940-இல் உலகப் போர் நடந்தது. வெள்ளிக்குத் தட்டுப்பாடு. அந்த ஆண்டு முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947-இல் வந்த புலி போட்ட ரூபாயில் வெள்ளியே இல்லை. அது நிக்கல். சந்தேகமா? ஒரு காந்தம் கொண்டு வாருங்கள். நிக்கல் காசு ஒட்டும். வெள்ளி ஒட்டாது. ஆனால் ஒட்டாதது எல்லாம் வெள்ளி என்றும் நினைக்க வேண்டாம். பித்தளையும் ஒட்டாது.

இப்போது ஒரு கணக்கு. 1939-க்கு முந்திய ஒரு ரூபாயில் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம். ஒரு கிராம் வெள்ளி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10.7-ஐ 100-ஆல் பெருக்குங்கள். 1,070 ரூபாய். அடகுக் கடைக்குப் போகும் முன் அன்றைய விலையைப் பேப்பரில் பார்த்து இந்தக் கணக்கைப் போடுங்கள். உருக்கும் செலவு என்று கடைக்காரர் கொஞ்சம் கழிப்பார். பாதியைக் கழித்தால் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சில காசுகளுக்கு வெள்ளி விலையைவிட அதிகம் கிடைக்கும். சேகரிப்பவர்கள் தேடி வாங்குவார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழசு என்றால் விலை அதிகம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1862 என்று போட்ட ரூபாயைப் பல ஆண்டுகள் அதே எண்ணோடு அடித்தார்கள். அது ஏராளம். 1939 ரூபாய் அதைவிட 77 ஆண்டு இளையது. அதுவோ மிக அரிது.

1911 ரூபாய்க்கு ஒரு வேடிக்கைக் கதை உண்டு. அதில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மாலை போட்டிருக்கிறார். மாலையில் ஒரு குட்டி யானை. தும்பிக்கை சரியாக விழவில்லை. பன்றி போலத் தெரிந்தது. மக்கள் கோபப்பட்டார்கள். அரசாங்கம் காசுகளைத் திரும்ப வாங்கி உருக்கியது. 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். தப்பிய 1911 காசைத்தான் சேகரிப்பவர்கள் விரும்புகிறார்கள்.

ஆண்டுக்குக் கீழே ஒரு சிறு குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போதைய காசுகளில் நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். வைர வடிவம் இருந்தால் மும்பை. வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றும் இல்லை என்றால் கொல்கத்தா.

பழைய காசைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், விலை போய்விடும்.

மண்ணுக்குள் கிடைத்த காசு வேறு கதை. பெங்களூர் யஷ்வந்தபுரத்தில் 1891-இல் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அஸ்திவாரம் தோண்டும்போது உங்களுக்கும் கிடைக்கலாம். மறைத்தால் குற்றம். புதையலுக்கென்று சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஊரில் மோசக்காரர்களும் சுற்றுகிறார்கள். ராமர் படமும் 1818 என்ற ஆண்டும் போட்ட காசைக் காட்டுவார்கள். கம்பெனி அரசு அடித்தது என்பார்கள். அரிசியை இழுக்கும், கோடி ரூபாய் பெறும் என்பார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. எந்தக் காசும் அரிசியை இழுக்காது.

இப்போது மோசம் போனிலும் வருகிறது. "உங்கள் பழைய காசுக்குப் பத்து லட்சம் தருகிறோம். முதலில் வரி கட்டுங்கள், கமிஷன் அனுப்புங்கள்" என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சொல்வார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதை மறுத்து அறிவிப்புக் கொடுத்தது. பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் அது ஈடுபடுவதில்லை. கமிஷன் கேட்பதும் இல்லை. வேறு யாருக்கும் அந்த அதிகாரம் தரவும் இல்லை. காசை வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். அவர் உங்களிடம் பணம் கேட்டால் பேச்சை நிறுத்துங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.